ஆர்க்காட்டு ரூபாய்: வெள்ளி முத்திரையும் அது மறைக்கும் காலமும்

ஒரு வெள்ளிப் பொருளை யார் செய்தார், எப்போது செய்தார், அதன் மாற்று என்ன என்பதற்கு அப்பொருளே சாட்சி சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் மிகப் பழையது. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 79-ஆம் ஆண்டில் சீர்திருத்திய வெள்ளித் திர்ஹம்களில் உருவப்படம் இல்லை. அடித்த நகரமும் ஆண்டும் எழுத்தில் இருந்தன. இலண்டன் பொற்கொல்லர்கள் வெள்ளிப் பாத்திரங்களில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தைப் பொறிக்கத் தொடங்கியது 1478-இல்தான். அங்கு நடக்கும் சிங்கத்தின் உருவம் மாற்றையும், சிறுத்தைத் தலை நகரையும், முதலெழுத்துகள் செய்தவரையும் காட்டும்.

ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் வெள்ளிப் பாத்திரங்களுக்கு அத்தகைய கட்டாயச் சோதனை இருக்கவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற நிறுவனங்கள் தம் பெயரைப் பொறித்தன. ஆண்டைப் பெரும்பாலும் பொறிக்கவில்லை. ஆதலால் நம் பகுதியின் பழைய வெள்ளியில் ஆண்டு தேடுவோர்க்கு நாணயமே முதற் பாடநூல். அதிலும் ஆர்க்காட்டு ரூபாய் மிகுந்த எச்சரிக்கையுடன் படிக்க வேண்டிய பாடம்.

அதன் ஒரு பக்கத்தில் பாரசீக எழுத்தில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் 1172 என்னும் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும். மறுபக்கத்தில் 'ளர்ப் ஆர்க்காட்', அதாவது ஆர்க்காட்டில் அடிக்கப்பட்டது என்ற சொற்களும், ஆட்சியாண்டு 6 என்ற குறிப்பும் இருக்கும். ஹிஜ்ரி 1172 என்பது கி.பி. 1758-59. படிப்பவர் அங்கேயே நின்றுவிட்டால், நவாபின் ஆர்க்காட்டில் 1759 வாக்கில் அடித்த காசு என்று முடிவு செய்துவிடுவார்.

உண்மை வேறு. ஆர்க்காட்டு ரூபாயை அடிக்கும் உரிமையை நவாப் தோஸ்த் அலி கானிடமிருந்து பிரெஞ்சுக்காரர் 1736-இல் பெற்றனர். சில ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலேயக் கம்பெனியும் பெற்றது. பிறைக்குறி இருந்தால் அது புதுச்சேரி. தாமரை இருந்தால் சென்னை. ரோஜா இருந்தால் கல்கத்தா. ஊர்ப்பெயர் மட்டும் எல்லாவற்றிலும் ஆர்க்காடுதான்.

ஆண்டும் அவ்வாறே. இரண்டாம் ஆலம்கீர் 1759 நவம்பரில் கொல்லப்பட்டார். 1801 உடன்படிக்கையால் கர்நாடக நவாபின் ஆட்சியதிகாரமும் கம்பெனியின் கைக்குச் சென்றது. எனினும் 1835-இல் இந்தியா முழுமைக்கும் ஒரே நாணயம் வரும்வரை, சென்னை நாணயச்சாலை 1172 என்ற அதே ஆண்டையே இயந்திரத்தால் பொறித்துக்கொண்டிருந்தது. மக்கள் நம்பியது அந்த எழுத்தை. எழுத்தை மாற்றினால் காசின் மதிப்புக் குறையும் என்று கம்பெனி அறிந்திருந்தது.

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்திற்கு இது வெறும் நாணயக் கதை அன்று. பாளையமாக இருந்த இவ்வூர், ஆர்க்காட்டு நவாபின் பெயரால் கேட்கப்பட்ட பேஷ்குஷ் என்னும் கப்பத்தை அறிந்திருந்தது. 1792-இல் அதை வசூலிக்கும் அதிகாரம் கம்பெனியிடம் சென்றது. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சியோடு இப்பாளையமும் பறிக்கப்பட்டது. பழைய பெயரில் புதிய ஆட்சி நடந்ததற்கு அக்காசும் ஒரு சான்று.

எனவே பழைய வெள்ளியைப் படிக்கும்போது ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள், செய்முறையையும் பாருங்கள். கையால் அடித்த காசு தடித்திருக்கும்; அச்சு காசைவிடப் பெரிதாகையால் எழுத்தின் ஒரு பகுதி வெளியே விழுந்திருக்கும். இயந்திரக் காசு அகன்று, சீரான வட்டமாக, முழு வாசகத்துடன் இருக்கும். அது 19-ஆம் நூற்றாண்டினது. பிறகு சிறு குறியைத் தேடுங்கள்.

இதில் மார்க்கக் கடமை ஒன்றும் உண்டு. வெள்ளியின் ஜகாத் அளவு 200 திர்ஹம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 595 கிராம். பாட்டனார் விட்டுச்சென்ற வெள்ளியைக் கணக்கிட எடை மட்டும் போதாது. மாற்றும் தெரிய வேண்டும். 1818-க்குப் பிந்தைய சென்னை ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு தூய வெள்ளி. குறியை அறிந்தவர் காசை உருக்காமலே இதை அறிவார்.

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பழைய காசுகள் உருக்கும் குகைக்குப் போகின்றன. விற்பது அவரவர் உரிமை. ஆனால் விற்பதற்கு முன் இரு பக்கங்களையும் படமெடுத்து, எழுத்தறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அரபு எழுத்தை ஓதப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'ளர்ப்' என்ற சொல்லைக் கண்டுபிடிப்பது கடினமன்று. அளவையிலும் நிறுவையிலும் நேர்மையை வலியுறுத்தும் மார்க்கத்தினர், கைக்கு வந்த சாட்சியைக் கேளாமல் அழிப்பது முறையாகாது.