தொப்பிக்கு வந்த வேதாகமம்

சாம்பல்தீவிலிருந்து நிலாவெளி வீதியால் தெற்கே வந்தால் திருகோணமலை நகரம். அதையும் தாண்டி, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் மூதூர். அங்கு நின்ற ஒரு மரத்துக்கு 'வெள்ளைக்காரன் மரம்' என்று பெயர். 1660இல் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் கப்டனைக் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அதனடியில்தான் பிடித்தார்களாம். அவரோடு சிறைப்பட்டான் மகன் ரொபேட் நொக்ஸ். அவனுக்கு வயது 19.

மறு ஆண்டே தகப்பன் இறந்துபோனார். நொக்ஸிடம் மிஞ்சியவை இரண்டு பக்தி நூல்கள்தான். திரும்பத் திரும்பப் படித்து அவை மனப்பாடமாகிவிட்டன. கோயிலும் இல்லை, குருவும் இல்லை.

ஒருநாள் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். வழியே வந்த கிழவர் ஒருவர், "உன் எசமானுக்கு வாசிக்கத் தெரியுமா? கொழும்பு போர்த்துக்கீசர் கையைவிட்டுப் போனபோது கிடைத்த புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது" என்று வேலைக்காரப் பையனிடம் சொல்ல, பையன் போய்ப் பார்த்தான். ஆங்கில வேதாகமம்! நொக்ஸ் தூண்டிலை எறிந்துவிட்டு ஓடினான். கையிலிருந்த ஒரே பொற்காசையும் கொடுத்துவிடத் துடித்தவனைத் தடுத்தது பையன்தான்: ஆசையைக் காட்டாதீர்கள், விலை ஏறிவிடும். கடைசியில் பின்னல் தொப்பி ஒன்றுக்கு அந்த வேதாகமம் கைமாறியது. போர்த்துக்கீசர் இருந்த ஊருக்கு ஆங்கிலப் புத்தகம் எப்படி வந்தது என்பது அந்தக் கிழவருக்கே வெளிச்சம்.

இதே காலத்தில் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரிடம் கோயிலுக்கோ ஏட்டுக்கோ குறைவில்லை. ஞானஸ்நானமும் கலியாணமும் பள்ளிக்கூடத் தோம்பு என்ற பதிவேட்டில் ஏற வேண்டும். சொத்துரிமைக்கும் உத்தியோகத்துக்கும் அதுவே சான்று. பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் திருநீறு பூசியவர்கள் ஏராளம். ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் ஏட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் கரைந்துபோனார்கள். அவர்களைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? காணியைக் காக்க வேறு வழி இருக்கவில்லை.

கரையாதவர்களான கத்தோலிக்கர் அந்த ஏட்டுக்கு வெளியே இருந்தார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658இலேயே ஒல்லாந்தர் கட்டளை போட்டிருந்தனர். அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டு இங்கு குருவே இல்லை. 1687இல் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி வந்தார் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் சுவாமி. யாழ்ப்பாணத் தெருக்களில் பிச்சைக்காரராக வீடு வீடாகப் போனார், கழுத்தில் செபமாலை. அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறதோ அவர் கத்தோலிக்கர். சுவாமி போட்ட கணக்கு அவ்வளவுதான். பிறகு சில்லாலையில் தங்கி, இரவிரவாகப் பூசை வைத்தார்.

1689 நத்தார் இரவு. யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்தவர்கள்மீது ஒல்லாந்துப் படையினர் பாய்ந்தனர். சுவாமி தப்பிவிட்டார், பிடிபட்டது சனம். அடிபட்டு இறந்தவரும் உண்டு, கோட்டையில் சுமை சுமந்தவர்களும் உண்டு.

வாஸ் 1711இல் கண்டியில் இறந்தார். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனால் சுவாமி வராத மாதங்களில் செபம் சொல்லிக்கொடுத்ததும், சாகக் கிடந்தவர் பக்கத்தில் இருந்ததும், குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்ததும் ஊர்ப் பொதுமக்களே. மூப்பர், அண்ணாவியார், சங்கிலித்தாம் என்று அவர்களுக்குப் பெயர்கள்.

கத்தோலிக்கர்மீதான தடைகளை ஆளுநர் மெயிற்லண்ட் 1806இல் நீக்கினார். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் பிறந்தது. சுவாமிமார் நிரந்தரமாக வந்தார்கள். சங்கிலித்தாம் போகவில்லை. போர்த்துக்கீசர் கோயிற் பணியாளரை அழைத்த சொல்தான் தமிழ் நாவில் புரண்டு அப்படி ஆனது. ஒல்லாந்தர் தடைசெய்த கோயிலின் சொல், அவர்கள் போன பிறகும் மெழுகுதிரி ஏற்றுகிறவர் பெயராகவே நின்றுவிட்டது.