நினைவகத்தின் எல்லைக்கற்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் வயல்களின் ஓரத்தே சர்வே கற்கள் நாட்டப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வரப்பு வழக்கைக் கல் மட்டும் தீர்த்துவிடாது. எந்தக் கல் எந்த எல்லைக்குரியது என்று சொல்லும் புலப்படமும் வேண்டும். கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய கற்கள் உண்டு. அவற்றுக்குப் புலப்படம் எழுதப்பட்ட வரலாற்றைக் காண்போம்.

கணிப்பொறியின் பணிகள் அனைத்தையும் ஆளும் அடிப்படை நிரல் கெர்னல் எனப்படும். நினைவகத்தைச் சிறு துண்டுகளாக்கி, கேட்போர்க்கு அளித்து, வேலை முடிந்தபின் திரும்பப் பெறுவது அதன் கடமைகளுள் ஒன்று. இதற்கு ‘ஸ்லாப்’ என்னும் சீரிய முறையை 1994-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் விளக்கினார். லினக்ஸ் கெர்னலும் பின்னர் அம்முறையைத் தழுவியது.

துண்டு ஒன்றைப் பெற்ற நிரற்பகுதி, தன் எல்லைக்கு அப்பால் ஒரே ஓர் எழுத்தை எழுதிவிட்டால் என்ன நேரும்? அண்டைத் துண்டு சிதையும். ஆனால் கணிப்பொறி அப்போதே நிற்காது. நெடுநேரம் கழித்து, குற்றமற்ற வேறொரு பகுதியில் அது நிலைகுலையும். பழைய ஸ்லாப் முறையில் இப்பிழையைத் தேடும் சோதனைகள் வேண்டுமெனில், கெர்னலையே மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது.

2007-இல் கிறிஸ்டோஃப் லாமீட்டர் இயற்றிய ‘ஸ்லப்’ முறை அக்குறையை நீக்கியது. சோதனைகள் கெர்னலுக்குள்ளேயே உறங்கியிருக்கும். கணிப்பொறியைத் தொடங்கும்போது ‘ஸ்லப் டீபக்’ என்ற கட்டளையைச் சேர்த்தால் அவை விழித்தெழும். எஃப் என்பது ஒழுங்குச் சோதனை. இஸட் என்பது எல்லைக்கல்: துண்டின் ஓரத்தில், அது வழங்கப்பட்டிருக்கையில் 204 என்ற எண்ணும், வழங்கப்படாதபோது 187-உம் பதிக்கப்படும். அவ்வெண் மாறியிருந்தால் எவரோ வரம்பு மீறினர் என்பது தெளிவு. பி என்பது நஞ்சிடல்: விடுவித்த இடத்தை 107 என்ற எண்ணால் நிரப்பி, இறுதியில் 165-ஐ வைப்பர். யு என்பது துண்டைப் பெற்றவர் யார், விடுவித்தவர் யார் என்று குறித்துவைக்கும். டி என்பது நடப்பவற்றைத் தொடர்ந்து அறிவிக்கும்.

இவையனைத்தும் இடத்தையும் வேகத்தையும் விலையாகக் கேட்பவை. ஆதலின் ஐயத்திற்குரிய ஒரு வகைத் துண்டுகளுக்கு மட்டும் சோதனையை ஏவவும் வழியுண்டு. இவற்றையெல்லாம், பிழையறிக்கையை வரிவரியாகப் படிக்கும் முறை உட்பட, லாமீட்டர் அதே ஆண்டில் ஓர் ஆவணமாக எழுதி கெர்னலுடனேயே வைத்தார். நிரலை எழுதாதவரும், நள்ளிரவில் தம் கணிப்பொறி நின்றுபோகும்போது, அவ்வாவணத்தைக் கொண்டு குற்றவாளியைத் தேட இயலும்.

2024-இல் பழைய ஸ்லாப் முறை லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கட்டளையின் பெயரும் ‘ஸ்லாப் டீபக்’ என மாறியது. பழைய பெயரும் ஏற்கப்பட்டது. பெயர் மாறியபோது ஆவணமும் உடன் மாற வேண்டியதாயிற்று. மாறாதிருப்பின், 107 என்பது எச்சரிக்கையா, வெறும் எண்ணா என்று அறியாமல் பின்வருவோர் திகைத்திருப்பர்.

மாணவர்களே, கருவி செய்வோரைப் போற்றுகிறோம். அக்கருவியின் பொருளை எழுதிவைப்போரும் அதே போற்றுதலுக்கு உரியவரே. புலப்படம் தொலைந்த ஊரில் எல்லைக்கல்லும் வெறுங்கல்லே.