பன்னிரண்டாம் வாரத்துக்குப் பிறகு: யோகாவும் இயன்முறை மருத்துவமும் சந்தித்த பாஸ்டன் ஆய்வு, ஒரு மறுவாசிப்பு

நாள்பட்ட கீழ்முதுகுவலிக்கு யோகாவும் இயன்முறை மருத்துவமும் சமம் என்று சொல்ல வருபவர்கள் முதலில் கையில் எடுப்பது ராபர்ட் சேப்பர் குழுவினரின் ஆய்வை. 2017இல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளிவந்த அந்த ஆய்வு, எதைத் தேர்ந்தாலும் பலன் ஒன்றே என்பதற்கு முடிந்த முடிவான சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் அதன் எண்கள் அவ்வளவு பாரத்தைத் தாங்குவதில்லை. நோயாளிக்கு உண்மையில் பயன்படக்கூடிய செய்தி, பன்னிரண்டாம் வாரத்துக்குப் பிந்தைய பகுதியில் இருக்கிறது. ஆய்வை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அதுவரை போவதில்லை.

ஆய்வில் பங்கேற்றவர்கள் 320 பேர். பெரும்பாலும் குறைந்த வருவாயினர், பல இனத்தவர். பாஸ்டன் மருத்துவ மையத்திலும் ஏழு சமூக நல மையங்களிலும் திரட்டப்பட்டவர்கள். சமவாய்ப்பு முறையில் 127 பேருக்கு வாரம் ஒன்றாக 12 யோகா வகுப்புகள், 129 பேருக்கு அதே காலத்தில் 15 இயன்முறை சிகிச்சை அமர்வுகள், 64 பேருக்கு முதுகுவலி பற்றிய ஒரு கையேடும் செய்திமடல்களும் ஒதுக்கப்பட்டன. இயலாமையை 23 கேள்விகள் கொண்ட, மாற்றியமைக்கப்பட்ட ரோலண்ட்-மோரிஸ் வினாப்பட்டியலாலும், வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரையிலான அளவுகோலாலும் அளந்தார்கள்.

ஆய்வு எழுப்பிய கேள்வி இரண்டும் சமமா என்பதல்ல. யோகா, இயன்முறை மருத்துவத்தைவிட ஏற்க முடியாத அளவுக்குத் தாழ்ந்துவிடவில்லையே என்பதுதான்; இத்தகையது ‘தாழ்வின்மை’ ஆய்வு. அந்த ‘ஏற்க முடியாத அளவு’ முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது: இயலாமையில் 1.5 புள்ளி, வலியில் 1 புள்ளி. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டின் நம்பிக்கை இடைவெளியில் மேல் எல்லை இதற்குள் நின்றால் யோகா தேறிவிட்டதாகப் பொருள். இயலாமையில் மேல் எல்லை 0.83. எளிதாகத் தேறிவிட்டது. வலியிலோ அது 0.97. கோட்டைத் தாண்டாமல் நின்றதற்கு இடையே இருந்தது 0.03 புள்ளி. வலியின் சராசரி வேறுபாடும் இயன்முறை மருத்துவத்தின் பக்கமே, 0.51 அளவுக்குச் சாய்ந்திருந்தது. விதிப்படி இது தேர்ச்சிதான்; அதை மறுக்க இடமில்லை. ஆனால் தேர்ச்சியைச் சமத்துவமாகப் பெயர்த்து எழுதுவதற்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

இன்னும் ஆழமான சிக்கல் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. இரு பிரிவிலும் இடைநிலைப் பங்கேற்பாளர் தமக்கு ஒதுக்கப்பட்டதில் பாதியை ஒட்டியே வந்தார். இயன்முறைப் பிரிவில் பாதியில் விலகியவர்கள் கூடுதல் என்பதை ஆய்வாளர்களே ஒரு குறையாகப் பதிவு செய்திருக்கிறார்கள். வழக்கமான ஆய்வில், மருந்தைச் சரியாக எடுக்காதவர்கள் அதிகமானால் உண்மையான வேறுபாடு மங்கிவிடும். அதனால் ஆய்வாளரின் கட்சிதான் பலவீனப்படும். தாழ்வின்மை ஆய்விலோ நிலைமை தலைகீழ். யாரும் ஒழுங்காக வராதபோது இரண்டு சிகிச்சைகளும் ஒன்றுபோலத் தெரியும். அந்த மங்கலே வெற்றியாகக் கணக்கில் ஏறும். இரண்டு சமையலையும் பாதிப் பாதி மட்டும் ருசித்தவரிடம் எது சிறந்தது என்று கேட்டு, ‘வித்தியாசம் தெரியவில்லை’ என்ற பதிலை இரண்டுக்கும் நற்சான்றாக வாங்கிக்கொள்வதற்கு ஒப்பானது இது. சேப்பர் குழுவினர் இதை மறைக்கவில்லை. அவர்களைப் படித்தவர்கள்தான் கண்டுகொள்ளவில்லை.

இதே ஆய்வை எதிர்த்திசையில் இழுப்பவர்களும் உண்டு. பன்னிரண்டாம் வாரத்தில் யோகா, கையேட்டுப் பிரிவைவிட இயலாமையிலோ வலியிலோ மேம்பட்டதாக நிறுவப்படவில்லை. ஆகவே இரண்டும் வெறும் நம்பிக்கையின் விளைவு, ஒரு புத்தகம் போதும் என்பது அவர்கள் வாதம். 2022இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் மதிப்பாய்வும் (21 ஆய்வுகள், 2,223 பேர்) அவர்களுக்கு ஓரளவு துணை நிற்கிறது. உடற்பயிற்சியே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் யோகாவால் கிடைக்கும் நன்மை சிறியது. முதுகுக்கான மற்றப் பயிற்சிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஏறத்தாழ இல்லை. யோகா செய்தவர்களில் சிலருக்கு முதுகுவலி கூடியதையும் அந்த மதிப்பாய்வு சொல்கிறது.

ஆயினும் கையேடு போதும் என்பவர்கள் பாஸ்டன் ஆய்வின் ஒரு வரியைத் தாண்டிச் செல்கிறார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் வலி மாத்திரை எடுப்போர் விகிதம், கையேட்டுப் பிரிவைவிட யோகாப் பிரிவில் 21 சதவீதப் புள்ளியும் இயன்முறைப் பிரிவில் 22 சதவீதப் புள்ளியும் குறைவாக இருந்தது. அமெரிக்காவில் ஓபியாய்டு மருந்துகளால் உயிர்கள் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில் கிடைத்த எண் இது. மாத்திரைக் கணக்கைப் பங்கேற்பாளர்களே சொன்னார்கள், தாங்கள் எந்தப் பிரிவு என்பதும் அவர்களுக்குத் தெரியும் என்ற ஆட்சேபம் எழலாம். வலிப் புள்ளியும் அவர்களே சொன்னதுதான். ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுவதற்குக் காரணம் இல்லை.

வலி அதே அளவில் இருக்க மாத்திரை குறைவது எப்படி? நாள்பட்ட வலியில் உடல் பழுதைவிட அச்சத்துக்குப் பெரிய பங்குண்டு என்ற விளக்கம் இங்கே பொருந்துகிறது. குனிந்தால் முதுகு ஒடிந்துவிடும் என்று அஞ்சுபவர் குனிவதைத் தவிர்க்கிறார். தவிர்க்கத் தவிர்க்கத் தசை தளர்கிறது, சிறு அசைவும் வலிக்கிறது, அச்சம் கூடுகிறது. இயன்முறை மருத்துவர் பயிற்சியைப் படிப்படியாக ஏற்றும்போதும், யோகா ஆசிரியர் மூச்சோடு சேர்த்து மெல்லக் குனியச் சொல்லும்போதும் நடப்பது ஒன்றே: அருகில் ஒருவர் பதற்றமில்லாமல் நிற்க, நோயாளி தன் உடம்பை மறுபடி நம்பக் கற்கிறார். வலி வந்தாலும் உடனே மாத்திரையைத் தேடாமல் இருக்கும் தைரியம் அதிலிருந்து வருவது. இந்த விளக்கத்தை பாஸ்டன் ஆய்வு நேரடியாகச் சோதிக்கவில்லை. அதன் எண்களோடு இது முரண்படவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை. ஆனாலும் கையிலுள்ள விளக்கங்களில் வலுவானது இதுதான்.

சியாட்டிலில் கேரன் ஷெர்மன் குழுவினர் 228 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது. அதில் பயன்பட்ட வினியோகா, சென்னையில் டி.கே.வி. தேசிகாச்சாரின் மரபிலிருந்து அமெரிக்கா சென்றது. சுயபராமரிப்புப் புத்தகத்தைவிட அது மேலாக இருந்தது. தசைநீட்சி வகுப்பைவிட மேலாக இல்லை. ஆசனத்துக்கே உரிய தனிச் சக்தி என்று ஒன்று இருந்தால் இங்கே தலைகாட்டியிருக்க வேண்டும். அங்கே கற்பித்தது முழுமையான யோகா அல்ல என்று மரபுவாதிகள் சொல்வதை அதிகம் பொருட்படுத்த வேண்டியதில்லை. பாஸ்டன் வகுப்புகளிலேயே மூச்சுப் பயிற்சியும் தியானமும் யோகத் தத்துவமும் இருந்தன.

இனி, படிக்கப்படாத பகுதி. பன்னிரண்டு வாரம் முடிந்தபின் நாற்பது வாரப் பராமரிப்புக் கட்டம் தொடங்கியது. யோகாப் பிரிவினரில் ஒரு பாதிக்குத் தொடர் வகுப்புகள், மறுபாதிக்கு வீட்டுப் பயிற்சி மட்டும். இயன்முறைப் பிரிவினரும் அப்படியே: சிலருக்கு இடையிடையே மறு அமர்வுகள், மற்றவர்களுக்கு வீட்டுப் பயிற்சி. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. வகுப்புக்குப் போனவர்களுக்கும் வீட்டில் செய்தவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

வேறுபாடு காணாததைச் சமம் என்று கொள்ளக்கூடாதென்று மேலே சொல்லிவிட்டு இங்கே மட்டும் அப்படிக் கொள்ளலாமா? கூடாது. இந்த உட்பிரிவுகள் சிறியவை. இங்கே தாழ்வின்மைச் சோதனையும் நடக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் நோயாளி எடுக்கும் ஆபத்து வேறு. ‘யோகாவே போதும்’ என்று தவறாக நம்பினால், கால் மரத்துப்போதல், சிறுநீர்க் கட்டுப்பாடு இழத்தல் போன்ற அபாய அறிகுறிகளைக் கண்டறிய வேண்டியவரின் பார்வையிலேயே ஒருவர் படாமல் போகலாம். ‘வீட்டில் தொடர்ந்தால் போதும்’ என்று தவறாக நம்பினால் இழப்பது சில வகுப்புகளையே. திரும்பி வரக் கதவு திறந்திருக்கிறது. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் கணக்குப் பார்க்கும் வீட்டுக்கு இந்த இரண்டாம் கேள்விதான் உயிரானது.

2008இல் வெளிவந்த பெங்களூரு ஆய்வால் இதற்கு விடை சொல்ல முடியாது. 80 பேரை ஒரு வாரம் உறைவிட முறையில் தங்கவைத்து, உடற்பயிற்சியைவிட யோகா இயலாமையைக் கூடுதலாகக் குறைத்ததாக அது காட்டியது. சமையல், வேலை, பயணம் எல்லாவற்றிலிருந்தும் விலக்கி வைக்கப்பட்ட ஒரு வாரம் அது. வீடு திரும்பியபின் பயிற்சி என்ன ஆகிறது என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

அதைக் கேட்கத் தமிழ்நாட்டில் களம் ஆயத்தமாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே செல்கிறது. யோகா-இயற்கை மருத்துவப் பட்டதாரிகளும் மாநிலத்தில் உருவாகிறார்கள். முதல் பரிசோதனையை இயன்முறை மருத்துவர் செய்யட்டும். அபாய அறிகுறி இல்லாதவர்களுக்குச் சில வாரங்கள் குழு வகுப்பு நடக்கட்டும். அதன்பின் ஒரு பகுதியினர் வகுப்பிலும் மறு பகுதியினர் வீட்டிலும் தொடரட்டும். தாழ்வின்மை வரம்பை முன்கூட்டியே அறிவித்து, பங்கேற்பாளர் எண்ணிக்கையை அதற்கேற்ப நிர்ணயித்து, ஒழுங்காக வந்தவர்களை மட்டும் வைத்து இன்னொரு கணக்கும் போட வேண்டும். முதன்மை அளவீடு பன்னிரண்டாம் வார வலிப் புள்ளியாக இருக்கக்கூடாது. ஓராண்டு கழித்து அந்த வீட்டில் வலி மாத்திரை எத்தனை செலவாகிறது, வேலைக்குப் போகாத நாட்கள் எத்தனை என்பனவே அளக்கப்பட வேண்டும்.