பக்கிங்காம் கால்வாயின் இழுவைப்பாதை

இழுவைப்பாதை என்பது கால்வாய்க் கரையை ஒட்டி, படகைக் கயிறு கட்டி இழுத்துப் போகிறவர்களுக்காக விடப்பட்ட நடைவழி. தமிழ்நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்கது பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்கிச் சென்னையை ஊடுருவி மரக்காணம் வரை, கடலுக்கு இணையாக ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளும் உப்புநீர்க் கால்வாய் அது. அதில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது.

நீலகிரிக்காரர்களுக்கு இந்தப் பாதை வேறோர் உலகம். குன்னூர் வட்டத்து ஜெகதளாவில் ஹட்டி எனப்படும் சிற்றூர் ஒன்றிலிருந்து அடுத்த ஹட்டிக்குப் போகவேண்டுமானால் ஏறியாக வேண்டும், இல்லை இறங்கியாக வேண்டும். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஓடுகிற தண்ணீர் குதித்துக்கொண்டே ஓடும். அதில் காகிதக் கப்பலைத் தவிர எதையும் விட முடியாது. ரயிலை மலையேற்றவே கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் போட வேண்டியிருந்தது. பன்னிரண்டரை அடிக்கு ஓரடி என்று ஏறுகிற தடம் அது. கால்வாய்க் கரையிலோ நாள் முழுக்க நடந்தாலும் பாலத்துச் சரிவைத் தவிர மேடென்று ஒன்று காலில் தட்டாது. அந்தத் தட்டையான தரைக்காகத்தான் அத்தனை மண்ணும் வெட்டப்பட்டது.

இழுக்கும் முறை

நின்ற நீரில் மிதக்கும் பாரத்தை நகர்த்த மிகக் குறைந்த விசை போதும். மண்சாலையில் ஒரு குதிரை இரண்டு டன் வண்டியை இழுக்கத் திணறும். அதே குதிரை கால்வாயில் முப்பது டன் படகை இழுத்துப் போகும். இங்கிலாந்தில் 1761இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் நிலக்கரியின் விலையை இறக்கியது இந்தக் கணக்கால்தான். ஒரே வரம்பு வேகம். படகு நடையின் வேகத்தில்தான் போகும்.

கரையிலிருந்து இழுப்பதால் கயிறு படகை முன்னால் மட்டுமின்றிக் கரைப்பக்கமாகவும் இழுக்கும். சுக்கான் பிடிப்பவர் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு நீளமாக இருந்தால் சாய்வு குறையும், அவருக்கும் வேலை குறையும். கயிறு எதிலும் சிக்கக் கூடாது என்பதால் பாதைக்கும் நீருக்கும் நடுவே மரம் வளர விடமாட்டார்கள். கோடையில் அங்கே நடக்கிறவர் நிழலுக்கு ஏங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐரோப்பாவில் குதிரை செய்த வேலையைப் பக்கிங்காம் கால்வாயில் பெரும்பாலும் மனிதர்கள் செய்தார்கள். காற்று துணைக்கு வந்தால் பாய் விரிப்பார்கள். கோடையின் தென்காற்று வடக்கே போகிற படகுக்கு உதவும், மார்கழி வாடை தெற்கே போகிற படகுக்கு. காற்று எதிர்த்தாலோ ஓய்ந்தாலோ கழியும் கயிறும்தான். பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாய் வழியே மாமல்லபுரம் போன பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்ற பாட்டில் எழுதியிருக்கிறார். கயிற்றைத் தோளில் போட்டுக் கரையில் இழுத்து நடக்கும் ஒருவரும், பின்னாலிருந்து கழியால் தள்ளும் இன்னொருவரும் அதில் வருகிறார்கள். உல்லாசப் பயணத்தின் நடுவே அந்தக் காட்சியைக் கவிஞரால் பொறுக்க முடியவில்லை. இழுவைப்பாதை எப்படிப் பயன்பட்டது என்பதற்குத் தமிழில் இதைவிட நேரான சாட்சி கிடைப்பது அரிது.

கால்வாய் வழியில் கொசஸ்தலை, கூவம், அடையாறு, பாலாறு என்று ஆறுகள் குறுக்கிடுகின்றன. அலையேற்றத்தில் நீர் உள்ளே பாயாமலும் இறக்கத்தில் வடிந்துவிடாமலும் காக்க, ஆறுகளை ஒட்டி ‘லாக்’ எனப்படும் இரட்டைக் கதவுத் தொட்டிகள் கட்டப்பட்டன. படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடி, நீர்மட்டம் சமமானதும் முன்கதவைத் திறப்பார்கள். சென்னையின் லாக் நகர் இந்த ஏற்பாட்டின் பெயரை இன்னும் சுமக்கிறது.

தோற்றமும் பஞ்சமும்

சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான முதல் பகுதி 1806இல் முடிந்தது. பேசில் காக்ரேன் என்ற வணிகர் சுங்கம் வாங்கிக்கொள்ளும் உரிமையோடு அதை வெட்டியதால் காக்ரேன் கால்வாய் என்றே பெயர். 1837இல் அரசு எடுத்துக்கொண்டது. வடக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டி நீட்டிக்கொண்டே போய், கடைசியில் கிருஷ்ணைக் கழிமுகத்துக் கால்வாய்களோடு இணைத்தார்கள். வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் நடுவே, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் எட்டு கிலோமீட்டர் மட்டும் வெட்டப்படாமல் நின்றது.

அதை வெட்ட வைத்தது 1876–78 பஞ்சம். தென்னிந்தியாவில் பல லட்சம் பேர் மாண்ட தாது வருடப் பஞ்சம் அது. பட்டினியோடு சென்னைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1877–78இல் அந்த எட்டு கிலோமீட்டர் தோண்டப்பட்டது. செலவு ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய். பஞ்ச நிவாரண வேலைகளுக்கு அன்று கொடுத்த கூலி தனிக் கதை. இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், வேலை செய்கிற ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டுகிற உடம்புக்கு இது பற்றாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எழுதினார். நிவாரண முகாம்களில் எதிர்ப்பும் கிளம்பியது. 1877இன் நடுப்பகுதியில்தான் அளவு கூட்டப்பட்டது.

அப்போது சென்னை ஆளுநர் மூன்றாம் பக்கிங்காம் கோமகன். கால்வாய்க்கு 1878இல் அவர் பெயர் வைத்தார்கள். ஊட்டியில் ராஜ்பவன் என்று அறியப்பட்ட ஆளுநர் மாளிகை எழுந்ததும் அவர் காலத்தில்தான். அன்று கோடை வந்தால் சென்னை அரசு கோப்புகளோடு நீலகிரிக்கு ஏறிவிடும். கீழே வெட்டப்பட்ட கால்வாயும் மேலே எழுந்த மாளிகையும் ஒரே ஆளுநரின் ஆட்சிக் கணக்கில் வருபவை என்பதை வழிகாட்டி நூல்கள் சேர்த்துச் சொல்வதில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் பக்கிங்காம் ஊருக்கு 1801இலேயே ஒரு கால்வாய்க் கிளை வந்துவிட்டது. அதற்கு முன்நின்றவர் இவருடைய கொள்ளுத்தாத்தா. இவரோ இந்தியாவுக்கு வருமுன் லண்டன் வடமேற்கு ரயில்வே நிறுவனத்தின் தலைவராக இருந்தவர்.

சரக்கும் சரிவும்

கால்வாயில் வந்தவை நெல், உப்பு, சவுக்கு விறகு. நெல்லூர்ப் பக்கத்துச் சவுக்கு படகு படகாக வந்து சென்னை விறகுத்தொட்டிகளில் இறங்கியது. பேசின் பிரிட்ஜ் என்ற பெயர் படகுகள் நின்ற நீர்த்தொட்டியால் வந்தது. அதன் அருகே உப்பு சேர்த்துவைத்த கொட்டாரங்கள், ஆங்கிலேயர் வாயில் ‘சால்ட் கோட்டர்ஸ்’ ஆகி ரயில்வே சரக்கு நிலையத்தின் பெயராகிவிட்டன. மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டும் படகுத்துறையின் நினைவுதான்.

1899இல் சென்னை–விஜயவாடா ரயில்பாதை வந்ததும் படகுக்குக் கூலி குறைந்தது. பிறகு லாரி. 1965, 1966 புயல்கள் கரைகளை உடைத்தபின் போக்குவரத்து எழவே இல்லை. நகரப் பகுதியில் கழிவுநீர் மிச்சத்தை முடித்தது. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. சேப்பாக்கம் முதல் திருவான்மியூர் வரை இழுவைப்பாதையைத் தேடிப் போகிறவர் நிலையங்களின் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். 2004 சுனாமியின்போது பல இடங்களில் கால்வாய் அலைநீரை வாங்கிக்கொண்டு உள்ளூர்களைக் காத்தது. 2008இல் காக்கிநாடா–புதுச்சேரி தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவித்தார்கள்.

மற்ற நாடுகளில் படகு போனபின் பாதை நடப்பவர்களுக்கு வந்து சேர்ந்தது. வாஷிங்டனிலிருந்து 297 கிலோமீட்டர் போகும் செசபீக்–ஒகையோ கால்வாய் 1924இல் ஓய்ந்தது. அதன்மேல் நெடுஞ்சாலை போடும் யோசனை எழுந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954இல் முழு இழுவைப்பாதையையும் நடந்தே எதிர்ப்பைக் காட்டினார். 1971இல் அது தேசியப் பூங்காவானது. பக்கிங்காம் கரைக்கு அப்படி ஒரு நீதிபதி வாய்க்கவில்லை.

கோடை நடை

நடக்கத் தக்க கரை சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் நடுவே இருக்கிறது. கேளம்பாக்கம்–கோவளம் சாலைப் பாலத்தில் இறங்குவது வசதி. முழு நீளத்துக்கும் தொடர்ந்த பாதையை எதிர்பார்க்கக் கூடாது. கரை அறுந்த இடமும் சீமைக்கருவேலம் மறித்த இடமும் உண்டு. அங்கே ஊர்ப்பாதைக்கு ஏறித் திரும்ப இறங்க வேண்டும். சித்திரையில் விடிவதற்கு முன்பே கிளம்பி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஊட்டிக் குளிருக்குப் பழகியவர்கள் இதை இருமுறை படிக்கலாம்.

கோடைதான் கால்வாய்க் கரையின் பருவமும். உப்பளங்கள் வேலையில் இருக்கும் காலம் அது. பாத்திகளில் தண்ணீர் சுண்டச் சுண்ட ஓரத்தில் வெள்ளை படியும். கேளம்பாக்கத்துப் பாத்திகளில் நெடுங்கால் உள்ளான் நிற்கும், கூழைக்கடா மிதக்கும், கம்பத்தில் நீர்க்காகம் சிறகு காயவைக்கும். இடுப்பளவு நீரில் இருளர்கள் கையால் தடவி இறால் பிடிப்பதையும் பார்க்கலாம். நீலகிரி அடிவாரக் காடுகளிலும் இருளர் உண்டு. தேனெடுக்கும் மலைப் பக்கமும் இறால் பிடிக்கும் கடல் பக்கமும் ஒரே பெயர் வழங்குகிறது. பனைகள் நிற்கிற இடத்தில் நுங்கு கிடைக்கும். பழைய படகுக்காரரின் வேகத்தில் நடந்தால் மாமல்லபுரம் எட்ட ஒரு காலைப்பொழுது போதாது. இரண்டு காலையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மாமல்லபுரத்துக்கும் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை வருகிறது. பாலாற்று முகத்துவாரத்தில் பாதை அறுகிறது. அதைத் தாண்டினால் கூட்டமே இல்லை. கடைசியில் மரக்காணம். இருபுறமும் உப்பு மேடுகள், நடுவில் அசையாத தண்ணீர். படகு எதுவும் இல்லை. உப்பு ஏற்ற வந்த லாரிகள் சாலையோரம் வரிசையாக நிற்கின்றன.