இருசு மாறிய கதை

வண்டி என்றால் நமக்குச் சக்கரம்தான் ஞாபகம் வரும். சுமையைத் தாங்குவது என்னவோ இரண்டு சக்கரத்துக்கும் நடுவே கிடக்கும் அச்சு. கிராமத்தில் அதை இருசு என்பார்கள். இருசு முறிந்தால் வண்டி நடுக்காட்டில் நின்றுவிடும். இந்தப் பயம் மிகப் பழையது. உப்பு விற்கப் போன உமணர்கள் மாற்று அச்சு ஒன்றை வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டே போனார்கள். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் ஒரு தலைவனை அந்தச் 'சேம அச்சு'க்கு ஒப்பிடுகிறார். நம்ம ஸ்டெப்னிக்குக் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பழைய வண்டியில் சக்கரம் சுற்றும், இருசு சுற்றாது. குடத்தின் உள்பக்கமும் இருசின் முனையும் உரசிக்கொண்டே இருக்கும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போடுவார்கள். அதையும் தாண்டிப் புழுதியும் மணலும் உள்ளே போகும். ஓட்டை பெரிதாகும், சக்கரம் ஆடும், ஆட ஆட இன்னும் தேயும். மர இருசு போய் இரும்பு இருசு வந்தபோது தேய்மானம் குறைந்தது, உரசல் மட்டும் போகவில்லை.

பெரிய மாற்றம் 1930-களில் வந்தது. ரப்பர் டயரும் பால் பேரிங் வைத்த அச்சும் மாட்டு வண்டிக்கு ஏறின. வங்காளத்தில் ஹூக்ளி ஓரம் சாஹாகஞ்சில் டன்லப் தொழிற்சாலை தொடங்கியது 1936-ல். மேற்கு உத்தரப்பிரதேசத்தில் டயர் வண்டிக்கே 'டன்லப்' என்று பெயர் வந்துவிட்டது! உரசிய இடத்தில் இப்போது குண்டுகள் உருண்டன. இரும்புப் பட்டா ரோட்டைக் கீறிக் கிழித்ததும் நின்றது.

சரி, நல்ல சமாச்சாரம்தானே, எல்லோரும் உடனே மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு தடைகள். ஒன்று, காசு. மர வண்டியை ஊர் ஆசாரியே செய்வார், கூலியை நெல்லாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். டயருக்கும் பேரிங்குக்கும் ரொக்கம் வேண்டும். இரண்டாவது, வெறும் இருசை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. டயர் சக்கரம் குட்டை. வண்டியின் தட்டு கீழே இறங்கும், நுகத்தடிக்குப் போகும் ஏர்க்காலின் சாய்வு மாறும். அச்சை ஒரு சாண் பின்னால் வைத்தால் சுமை மாட்டின் கழுத்தில் உட்காரும். முன்னால் வைத்தால் நுகம் மேலே தூக்கும். இன்னொன்றும் உண்டு. லேசாக உருளும் வண்டி, இறக்கத்தில் பிரேக் இல்லையென்றால் மாட்டைத் தள்ளிக்கொண்டே போகும்.

எங்கள் வங்கித் துறையில் இந்த வண்டிக்கு 'ஏடிவி' என்று பெயர். 1969-ல் 14 வங்கிகள் தேசியமயமான பிறகு மாட்டுக்கும் வண்டிக்கும் கடன் கொடுப்பது பெருகியது. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1980 அக்டோபர் 2-ல் நாடு முழுவதும் விரிந்தபோது இன்னும் கூடியது. அதே காலத்தில் பெங்களூர் ஐஐஎம்மின் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி, மாட்டு வண்டியை நவீனப்படுத்த வேண்டும் என்று விடாமல் எழுதியும் பேசியும் வந்தார். நாட்டில் ஒரு கோடிக்கு மேல் வண்டிகள் இருந்த காலம் அது. கடன் கிடைக்காதவர்கள் தாங்களே வழி கண்டார்கள். காயலான் கடையில் பழைய ஜீப், லாரி அச்சை வாங்கி, பட்டறையில் அளவுக்கு வெட்டி ஒட்டிக்கொண்டார்கள்.

இதில் யாருக்கு லாபம் என்பதுதான் என் கேள்வி. 1965-ல் வந்த மத்திய அரசின் விதிகளைப் பாருங்கள். இரண்டு சக்கர வண்டியில் பெரிய மாடு ஒன்றுக்கு, டயர் இல்லாவிட்டால் 900 கிலோ. டயர் இருந்தால் 1350. பால் பேரிங் இருந்தால் 1800. இருசு மாறியதும் சுமை இரட்டிப்பு! உரசலில் மிச்சமான உழைப்பை மாட்டுக்கு ஓய்வாகக் கொடுத்திருக்கலாம். நாம் அதையும் பாரமாக ஏற்றினோம். வெயில் 37 டிகிரிக்கு மேல் போனால் பகல் 12 முதல் 3 வரை பூட்டக்கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ரோட்டில் எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

மேற்கு மகாராஷ்டிரத்தில் இருப்பவர்கள் கரும்பு சீஸனில் இதை நேரிலேயே பார்க்கலாம். இங்கே பிரவராவில் 1950-ல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வந்தது. பிறகு ஆலைகள் பெருகின. பீட் மாவட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வெட்ட வருவார்கள். மாடு அவர்களுடையது. டயர் வண்டி பல இடங்களில் வாடகைக்கு வந்தது. பழைய மர வண்டி முறிந்தாலும் வண்டிக்காரனின் சொத்து. புது வண்டி நன்றாக ஓடும், ஆனால் வாடகை கணக்கில் கழியும். இருசு மாறியபோது வண்டியின் சொந்தக்காரரும் மாறிவிட்டார்.

அதற்காக மர இருசே நல்லது என்று சொல்ல மாட்டேன். தேய்ந்த இருசோடு மாட்டை அடித்து ஓட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை. மாற்றத்தான் வேண்டும். மாற்றியதால் மிச்சமானதில் மாட்டுக்கும் வண்டிக்காரனுக்கும் ஒரு பங்கு போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் இருசு என்றே சொல்வார்களா, வேறு பெயர் உண்டா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.