வால்டன் குடிலின் கணக்கு

ஹென்றி டேவிட் தோரோவை, காந்தியடிகள் போற்றிய சட்டமறுப்புக் கட்டுரையின் ஆசிரியரென்றே நம் மாணவர் பெரிதும் அறிவர். அவர் ஒரு வீட்டுக்குச் சதக் கணக்கு எழுதி வைத்தவர் என்பதும் வரலாறு பயில்வோர் கருதற்பாலது.

1845ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கொங்கோட் ஊரின் அருகே, வால்டன் குளக்கரையில், இரவல் வாங்கிய கோடரியுடன் அவர் மரந் தறிக்கத் தொடங்கினார். யூலை 4இல் குடிபுகுந்தார். 15 அடி நீளமும் 10 அடி அகலமுங் கொண்ட ஓரறையே வீடு. செலவு 28 டொலர் 12½ சதம். ஹாவாட்டில் மாணவரொருவர் இதனினுஞ் சற்றே பெரிய அறைக்கு ஆண்டொன்றுக்கு 30 டொலர் வாடகை கொடுத்தாரென அவரே ஒப்பிட்டுக் காட்டுகின்றார். 1837இல் அங்கே பட்டம் பெற்றவராதலின், அறிந்தே கூறினார் எனலாம்.

இத்துணை மலிவு எங்ஙனம் வாய்த்தது? கண்ணாடியுடன் கூடிய பழைய யன்னல்கள் இரண்டுக்கு 2 டொலர் 43 சதம். பழைய செங்கல் ஆயிரத்துக்கு 4 டொலர். நிலமோ நண்பர் எமர்சனுடையது. மரமுங் கல்லும் மணலும் அங்கேயே கிடைத்தன. உழைப்பும் பெரும்பாலும் தம்முடையதேயாதலின் கூலி கணக்கில் ஏறவில்லை. இக்கணக்கை நம்பி வீடு கட்டத் துணிவோர் காணியின் விலையையுஞ் சேர்த்துக்கொள்வது நன்று!

தளபாடங்கள், கட்டில், மேசை, எழுதுமேசை, மூன்று கதிரைகள், 3 அங்குல விட்டமுள்ள முகம் பார்க்கும் கண்ணாடி, விளக்கு, சில சமையற் பாத்திரங்கள் ஆகியனவே. சிலவற்றைத் தாமே செய்தார். அம்மையார் ஒருவர் கொடுக்க முன்வந்த கால்மிதியை, தட்டித் துப்புரவாக்க நேரமில்லையென மறுத்துவிட்டார். மேசைமீதிருந்த மூன்று சுண்ணாம்புக் கற்களையும் நாடோறுந் தூசு துடைக்க நேர்ந்ததனால் வெளியே வீசினார்.

பலகைகள் வந்த வழியே ஊன்றி நோக்கற்பாலது. புகையிரதப் பாதையில் வேலை செய்த ஜேம்ஸ் கொலின்ஸ் என்னும் அயர்லாந்துக்காரரின் குடிசையைத் தோரோ 4 டொலர் 25 சதத்துக்கு வாங்கினார். பணம் அன்றிரவே கொடுபட வேண்டும். மறுநாட் காலை ஐந்து மணிக்குக் கொலின்ஸ் வெளியேற வேண்டும். ஆறு மணிக்கு அக்குடும்பத்தை வழியிற் கண்டார். படுக்கை, கோப்பி அரைக்கும் பொறி, கண்ணாடி, கோழிகள் யாவும் ஒரே மூட்டையில் அடங்கின. பூனை மட்டும் உடன் செல்லவில்லை.

தோரோவின் பட்டியலையும் இம்மூட்டையையும் அருகருகே வைத்து நோக்குக. பொருள்களின் தொகையிற் பெரிய வேற்றுமையில்லை. ஆயின் தோரோ தனியர். வேண்டியபோது கொங்கோட்டிலுள்ள பெற்றோர் இல்லத்துக்குச் செல்லக்கூடியவர். கொலின்ஸோ மனைவியோடுங் கைக்குழந்தையோடும் விடியலிற் பெயர்ந்தவர். எளிய வாழ்வைப் புகழ்வோர் தோரோவின் கணக்கையே எடுத்தோதுகின்றனர். அக்கணக்கிற் பலகைக்கு விலை குறைந்ததன் காரணத்தை வினவுவார் அரியர். தோரோ அதனை மறையாது எழுதினாரென்பது அவர்க்குப் பெருமையே.

1847 செப்தெம்பர் 6இல் அவர் குடிலை விட்டகன்றார். அது பின்னர் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டுத் தானியக் களஞ்சியமாயிற்று. ஈற்றிற் பலகைகளும் பிரிக்கப்பட்டன. 1945இல் ரோலண்ட் றொபின்ஸ் என்பவர் அகழ்ந்து கண்டது புகைபோக்கியின் அத்திவாரத்தையே.