விழுந்த மரங்களுக்கு மேலால் ஒரு நடை

போன ஏப்ரல் லீவுக்கு முன்னாடி, பல்லேகலயில் எங்கள் போர்டிங் அறையில் நாலு பேரும் ஒரு ஹைக்கிங் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு குளிர்நாடு. வசந்தம் வந்தும் கரையாத பனி, பாதைக்குக் குறுக்கே விழுந்த பைன் மரங்கள், அவற்றை ஏறித் தாண்டிப் போகிற ஒருவன். "நம்ம ஊர்ல ஸ்னோவுக்கு எங்க மச்சான் போறது? மிஞ்சிப்போனா நுவரெலியாவுல ஜனவரி மாசம் புல்லு மேல கொஞ்சம் உறைபனி" என்றான் நண்பன். "விழுந்த மரம் இருக்குமே, வா போவோம்" என்றேன்.

அடுத்த நாள் விடியவே மஹியங்கனை பஸ் ஏறி, திகன, தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரியவில் இறங்கினோம். அங்கிருந்து கோர்பட்ஸ் கணவாய்ப் பக்கம். நக்கிள்ஸ் மலைத்தொடர் பல்லேகலக்காரர்களுக்குப் புதிதில்லை. வானம் தெளிந்த காலையில் மடக்கிய கைமுட்டி மாதிரி தூரத்தில் நிற்கும். அதனால்தான் வெள்ளைக்காரர் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது நக்கிள்ஸும் சேர்ந்தது. நாங்களும் மனிதன் கைபடாத காடு என்ற நினைப்பில்தான் போனோம்.

கொஞ்ச தூரத்திலேயே பாதைக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம் கிடந்தது. ஏறித் தாண்டினோம், போட்டோ எடுத்தோம். அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்த தேயிலை நின்றது. தோட்டத்தில் பிறந்தவங்களுக்குத் தெரியும்: கவ்வாத்து பண்ணாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். அப்படியென்றால் இங்கே ஒரு காலத்தில் கொழுந்து பறித்த கைகள் இருந்திருக்கு. கைபடாத காடு என்ற கதை அங்கேயே முடிந்தது.

தேயிலைக்கும் முன்னால் கோப்பி. 1815இல் கண்டி இராச்சியம் பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1837 அளவில் ரொபர்ட் பொய்ட் டைட்லர் ஜமேக்காவில் படித்த கோப்பிப் பயிர் முறையை இங்கே கொண்டுவந்தார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்துகொண்டிருந்த காலம் அது. அங்கே கோப்பி விழ, இங்கே எழுந்தது. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசின் காணி என்று எடுத்துக்கொண்டது. சேனைப் பயிர் செய்த கண்டிய கிராமத்தவரிடம் எந்த உறுதி இருக்கும்? அந்த நிலம் ஏக்கர் 5 ஷில்லிங் அளவுக்கே விற்கப்பட்டது.

காட்டை அழித்த விதத்தைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மலை அடிவாரத்திலிருந்து மேலே மேலே போய், ஒவ்வொரு மரத்தையும் பாதிக்கு மட்டும் வெட்டி விடுவார்கள். கடைசியில் உச்சியில் இருக்கும் மரங்களை முழுசாக வெட்டுவார்கள். அவை கீழே உள்ளவற்றின் மேல் சாய, அவை அடுத்ததன் மேல் சாய, ஒரு மலைச்சரிவே இடி மாதிரி விழும். காய்ந்த பிறகு நெருப்பு வைப்பார்கள். கரிந்த கட்டைகளுக்கு நடுவே கோப்பிக் கன்று. மரம் வெட்டும் கொந்தராத்தைப் பெரும்பாலும் எடுத்தது சிங்களக் கிராமத்தவர். கன்று நட்டு, களை பிடுங்கி, பழம் பறித்தது தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்ம ஆட்கள்.

அவர்கள் எப்படி வந்தார்கள்? தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து கால்நடையாக. மன்னார்க் காடு, தண்ணியில்லாத வறண்ட நிலம், அப்புறம் மாத்தளை, கண்டி. ஏறத்தாழ 250 கிலோமீட்டர். கொலராவும் அம்மையும் வழியிலேயே பலரைக் கொண்டுபோனது. வழிச்செலவுக்குக் கொடுத்த காசு கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியது. அதாவது மலையில் கால் வைக்கும் முன்னமே கடனாளி.

கோப்பிக் காலத்தில் பலர் பழம் பறித்து முடிந்ததும் அதே வழியால் திரும்பிப் போனார்கள். 1869இல் கோப்பி இலைத்துரு நோய் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தேயிலை வருஷம் முழுக்கக் கொழுந்து விடும். அதனால் ஆட்களும் வருஷம் முழுக்கத் தேவைப்பட்டார்கள். குடும்பம் குடும்பமாக லயத்தில் தங்கினார்கள். அப்படித் தங்கியவர்களின் பிள்ளைகளைத்தான் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

எங்க அம்மாயி கதை சொல்லும்போது அவங்க தாத்தாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் சொல்வாங்க: "நடந்தே கண்டிச் சீமைக்கு வந்தாரு." எந்த ஊரிலிருந்து, யாரோடு, வழியில் யாரை விட்டுவிட்டு என்று கேட்டால் அவங்களுக்கும் தெரியாது. டெய்லர் பிறந்த ஊர் ஸ்கொட்லாந்தில் எது, அவரைப் புதைத்தது கண்டியில் எந்த மயானம் என்று என்னால் சொல்ல முடியும். என் பூட்டன் தலைமுறையின் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. வரலாறு படிக்கிற எனக்கு அதுதான் உறுத்துகிறது.

2023இல் மலையக மக்கள் வந்த 200 வருஷத்தை நினைவுகூர்ந்து, ஜூலை கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளை வரை நூற்றுக்கணக்கானோர் நடந்தார்கள். இனம், மதம் பாராமல் பலர் சேர்ந்தார்கள். நான் போகவில்லை. பரீட்சை என்று ஒரு சாட்டு சொன்னேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கு.

ஹைக்கிங் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நல்லாப் போங்க. மலை நம்முடையதும்தான். ஆனால் பாதையில் ஒரு தேயிலை மரத்தையோ, இடிந்த லயத்தின் சுவரையோ கண்டால் கொஞ்சம் நில்லுங்க. திரும்பி வந்த பிறகு வீட்டில் வயசானவங்க இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்க. நான் இந்த லீவில் அம்மாயியிடம் மறுபடி கேட்டேன். ஒரு பெயர் கிடைத்தது. ஒரு பெண்ணின் பெயர். அதை என் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.